லாரி ஏறாத தளம்

காங்கிரீட் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளே, ஜல்லி அள்ளுவதையும் சட்டி கைமாற்றுவதையும் மட்டப்பலகை இழுப்பதையும் நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கொஞ்ச நாள் வெயிலில் நின்றால் உடம்பே கற்றுக்கொள்ளும். நான் சொல்ல வந்தது தளம் போட்ட பிறகு வருகிற வேலையைப் பற்றி. தளம் போட நிறையப் பேர் இருக்கிறார்கள். போட்ட தளத்தைக் காப்பாற்றத்தான் ஆள் கிடைப்பதில்லை.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் எத்தனையோ வீடுகளுக்கு என் கூட்டம் தளம் போட்டிருக்கிறது. அந்த ரோட்டில் பஸ்ஸில் போகும்போது ஜன்னலோரம் இடம் கிடைத்தால், இது நான் போட்டது, அந்த மாடி நான் போட்டது என்று எண்ணிக்கொண்டே போவேன். பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டும் சொல்வேன். பெருமைதான், இல்லையென்று சொல்லவில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கிற படிப்புதான் எனக்கு. ஆனால் பேச்சியக்கா போட்ட தளம் என்றால் தாலுகா முழுக்கத் தெரியும்.

அதில் ஒரு தளம், செண்பகத்தோப்புக்குப் போகிற ரோட்டை விட்டு உள்ளே ஒதுங்கின ஒரு சந்தில் இருக்கிறது. கேட்டிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் சரிந்து ஏறுகிற தளம். அதன் கதையைச் சொன்னால் நான் சொல்ல வந்தது முழுக்க அதிலேயே அடங்கிவிடும்.

நாகஜோதி என்று ஒரு பெண். புருஷன் பட்டாளத்தில் இருந்தார். வடக்கே வேலையில் இருக்கும்போது அடிபட்டு, இரண்டு காலும் செயலற்றுப்போனது. ராணுவ ஆஸ்பத்திரியில் நெடுநாள் வைத்திருந்து, சக்கர நாற்காலியில் உட்கார்ந்து தானே உருட்டிப் போகப் பழக்கினார்கள். அவர் ஊர் திரும்புவதற்குள் வீட்டை முடித்துவிட வேண்டுமென்று இவள் ஒற்றை ஆளாய் நின்று கட்டிக்கொண்டிருந்தாள். மழை பெய்தால் மலைத்தண்ணீர் அந்தச் சந்து வழியாகத்தான் இறங்கும். அதனால் வீட்டை நல்ல உயரத்தில் தூக்கிக் கட்டியிருந்தார்கள். படி வைத்தால் அவரால் ஏற முடியாது. ஆகவே சந்தோரத்திலிருந்து வாசல் வரைக்கும் நீளமாக, மெதுவாக ஏறுகிற ஒரு தளம். பின்னால் கார் வாங்கினால் காருக்கும் அதுதான் வழி.

வேறு ஒரு கூட்டம் அதை ஏற்கெனவே ஒருமுறை போட்டிருந்தது. போட்ட மூன்றாம் நாளே லாரி ஏறி உடைத்துவிட்டது.

காரணம் இதுதான். அந்தச் சந்து முட்டுச்சந்து. கடைசியில் ஒரு பஞ்சு குடோன். பஞ்சுப் பொதி ஏற்றிக்கொண்டு லாரிகள் வருவதும் போவதுமாக இருக்கும். சந்துக்குள் லாரியைத் திருப்ப இடமே கிடையாது, இவள் வீட்டு வாசலைத் தவிர. கேட் தூண் இன்னும் எழும்பவில்லை, வாசல் ஆவென்று திறந்து கிடந்தது. வருகிற லாரியெல்லாம் பின்பக்கத்தை இவள் வாசலுக்குள் விட்டு, ஒடித்துத் திருப்பிக்கொண்டு போகும். எந்த லாரி உடைத்தது என்று கேட்டால் ஒவ்வொரு டிரைவரும் அடுத்தவனைக் கைகாட்டினான்.

நாகஜோதி என் வீட்டுக்கே தேடி வந்தாள்.

"அக்கா, அவிய போன்ல என்ன சொன்னாக தெரியுமா? 'வீட்டுக்குள்ள என்னைய எவனும் தூக்கிட்டுப் போகக் கூடாது. தூக்கித்தான் கொண்டுபோவணும்னா நான் வரவே இல்ல, இங்கனயே கெடந்துக்கிடுதேன்'னுட்டாக. டிஸ்சார்ஜ் நாளு சொல்லிட்டாக. இன்னொருக்கா ஒடஞ்சா பொறவு போட நாளு கெடையாதுக்கா."

மறுநாளே போய்ப் பார்த்தேன். தளம் மூன்று துண்டாகக் கிடந்தது. ஒரு துண்டின்மேல் நாய் படுத்திருந்தது. இன்ஜினியர் தம்பியும் வந்திருந்தார், நல்ல பிள்ளை. "அக்கா, நீங்க எப்படிப் போட்டாலும் சரியாத்தான் போடுவீங்க. ஆனா மூணு வாரம் ஈரம் காயக் கூடாது, கனவண்டி ஏறக் கூடாது. அதுக்கு மட்டும் வழி பாருங்க" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. வழிதான் இல்லை.

முதலில் குடோன் முதலாளியிடம் போனேன். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார். "ஏமம்மா, லாரி என்னுதா? டிரைவர்கிட்ட சொல்லிக்கோங்க" என்று விட்டார். டிரைவர்களில் தினமும் வருகிறவன் குருசாமி. வ. புதுப்பட்டிக்காரன், முறுக்கிவிட்ட மீசை, வாய்க்குப் பூட்டே கிடையாது.

"தம்பி, இந்த வாசல்ல திருப்பாதய்யா."

"வேற எங்கன திருப்பச் சொல்லுதீக? லாரியத் தலையில தூக்கி வச்சித் திருப்பவா?"

"ஒன் தலைக்கு அம்புட்டுப் பலம் இருந்தா தூக்கேன், யாரு வேண்டாங்கா?"

அவன் சிரித்துக்கொண்டே லாரியைத் திருப்பிக்கொண்டு போனான், அந்த வாசலிலேயே.

பழைய தளத்தைப் பெயர்த்துப்போட்ட நாட்களில் என்னென்னவோ செய்து பார்த்தோம். கல்லை அடுக்கினோம், கிளீனர் இறங்கி உருட்டிவிட்டான். கயிறு கட்டிச் சிவப்புத் துணி தொங்கவிட்டோம், கயிறும் காணோம் துணியும் காணோம். உடைமுள் வெட்டிப் போட்டோம், கம்பால் ஒதுக்கிவிட்டார்கள். ராஜபாளையத்தில் முன்பு ஒரு வீட்டுக்காரர் 'உள்ளே வராதே' என்று பெரிதாகப் பலகை எழுதி வைத்தார். சாயங்காலம் போய்ப் பார்த்தால் அந்தப் பலகையை இரண்டு கல்லுக்கு மேல் போட்டு, லோடுமேன்கள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே பலகை யோசனையை நான் எடுக்கவே இல்லை.

நாள் நெருங்கியது. இனித் தள்ளிப்போட முடியாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தளத்தைப் போட்டுவிட்டோம். குடோனுக்கு அன்று விடுமுறை. என் கூட்டத்துப் பெண்கள் அன்றைக்கு வேலை செய்த அழகை நான் சொல்லக் கூடாது, பார்த்தவர்கள் சொல்ல வேண்டும். நாற்காலிச் சக்கரம் எங்கேயும் தட்டக் கூடாது, மழையில் வழுக்கவும் கூடாது. அதற்கேற்ப மேலே தென்னந்துடைப்பத்தால் மெல்லிசாகக் கோடு இழுத்துவிட்டேன். சாயங்காலம் எல்லோரும் கையைக் கழுவிக்கொண்டு நின்று பார்த்தோம். பாய் விரித்த மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை காலையில் ஈரச்சாக்கு பரப்பிக்கொண்டிருந்தோம். குடோன் பக்கமிருந்து லாரிச் சத்தம். குருசாமிதான். லோடு இறக்கிவிட்டு வந்தவன் வண்டியைப் பின்னால் எடுத்தான். ரிவர்ஸ் எடுக்கும்போது அந்த லாரி கீக் கீக் என்று கத்தும். அந்தச் சத்தம் கிட்டே வந்துகொண்டே இருந்தது.

நாகஜோதி ஓடினாள். சக்கரத்துக்கும் தளத்துக்கும் நடுவே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

கிளீனர் அலறினான். லாரி நின்றது. குருசாமி தலையை வெளியே நீட்டி, "ஏம்மா, சாவணும்னா வேற லாரி பாத்துக்கோ! என் பொழப்புல ஏன் மண்ணள்ளிப் போடுத?" என்று கத்தினான். இவள் பதிலுக்குக் கத்தினாள். என் கூட்டத்துப் பெண்கள் மண்வெட்டியோடு முன்னால் வந்தார்கள். குடோனிலிருந்து லோடுமேன்கள் வந்தார்கள். எனக்கும் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது, நல்ல நல்ல வார்த்தையெல்லாம்.

இந்த இடத்தில்தான் பிள்ளைகளே, கவனமாகக் கேட்க வேண்டும்.

நான் வேலை பழகிய இடத்தில் ஒரு மேஸ்திரி இருந்தார். சண்டை என்று வந்தால் அவர் முதலில் குடத்தடிக்குப் போவார். ஒரு செம்புத் தண்ணீரை நின்று நிதானமாகக் குடிப்பார். கேட்டால், "குடிச்சு முடிக்கிற நேரத்துக்குள்ள எதிராளி கையில என்ன வச்சிருக்கான்னு பாத்துறலாம்ல" என்பார். அன்றைக்கு நானும் குடத்தடிக்குப் போனேன். எல்லோரும் கத்திக்கொண்டிருக்க, செம்பை வாயில் கவிழ்த்துக்கொண்டு அந்த லாரியைப் பார்த்தேன்.

முதலில் கண்ணில் பட்டது ஈரம். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்துக் கதவின் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. ரேடியேட்டர் அங்கே இல்லை. அப்புறம் கொஞ்சம் கிட்டே போனேன். வாசம் வந்தது. வெதுவெதுப்பாக, லேசாகப் புளித்த வாசம். வயல்காட்டில் பிறந்தவளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டுமா?

செம்பை வைத்துவிட்டு வந்து நாகஜோதியின் கையைப் பிடித்தேன்.

"எந்திரிட்டி."

"மாட்டேன்க்கா. என் மேல ஏத்திட்டுப் போகட்டும்."

"இன்னைக்கு ஒக்காந்துருவ. நாளைக்கு? நாளன்னைக்கு? செத்த நேரம் சோப்பு வாங்கக் கடைக்குப் போவேல்ல, அப்ப வந்தான்னா? எந்திரி. நான் பேசுதேன்."

அவளை ஓரமாக விட்டுவிட்டு, லாரிக் கதவுக்குக் கீழே போய் நின்றேன்.

"தம்பி, கேபின்ல வெத நெல்லா வச்சிருக்க?"

மீசை கொஞ்சம் தளர்ந்தது. "ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"மொளை கட்டிருச்சு போலிருக்கே. வாசம் வருது."

"கட்டிருச்சு." எஞ்சினை அணைத்தான். அதுவரைக்கும் கத்தின ஆள், குரலே வேறாகிவிட்டது. "எங்கன பாவுறதுன்னுதான் தெரியல. மொதல்ல பாவுன நாத்தங்காலப் பன்னி வந்து ஒழுதுட்டுப் போயிருச்சு. ஒரு பயிரு மிச்சமில்ல. ரெண்டாவது வெதைய ஊறப் போட்டு, கெணத்துக்காரரு எடந்தாரேன்னாரு, காலையில போனா கைய விரிச்சிட்டாரு. பொழுதடையுறதுக்குள்ள பாவலேன்னா சாக்குக்குள்ளயே சூடேறி அம்புட்டும் வீணாப்போகும். அந்த வயித்தெரிச்சல்ல வந்தா, நீங்க ஒரு பக்கம் லாரிக்கு அடியில ஆளப் படுக்கப் போடுதீக."

நான் திரும்பித் தளத்தைப் பார்த்தேன். மூன்று வாரம் ஈரம் காயக் கூடாத தளம். அவன் சாக்கைப் பார்த்தேன். மூன்று வாரம் ஈரம் காயாத இடம் தேடுகிற நெல். இரண்டையும் சேர்த்துவைக்க எனக்கு வெகுநேரம் ஆகவில்லை.

"பாய் நாத்துத் தெரியுமா ஒனக்கு?"

"மிசின் நடவுக்குப் போடுவாகளே. தார்ப்பாயப் போட்டு, மேல ரெண்டு வெரல்கட மண்ணப் பரத்தி..."

"அதேதான். நாத்து வளந்ததும் பாயிமாரிச் சுருட்டி எடுத்துட்டுப் போயிரலாம். இந்தா இருக்கு எடம். பாவு."

அவன் தளத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். தன் லாரியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான்.

"ஏக்கா, லாரிய ஏத்த வந்தவன்ட்ட நாத்தப் பாவச் சொல்லுதீகளே!"

"பன்னி இங்க வராது. மயிலு வந்தா வெரட்ட ஆளிருக்கு. தண்ணி ஊத்துறது எங்க பாடு, தளத்துக்கு எப்படியும் ஊத்தணும். ஒனக்கு ஒரே ஒரு வேலதான்."

"என்ன?"

"லாரி ஏறாமப் பாத்துக்க."

நாகஜோதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த வீட்டு வேலைக்கு வந்ததிலிருந்து அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

குருசாமி லாரியைச் சந்து முழுக்கப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டுபோய் மெயின் ரோட்டில் விட்டுவிட்டு, சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்தான். திருப்ப முடியாது, முடியாது என்ற ஆள். முடிந்தது.

ஈரச்சாக்குக்கு மேல் தார்ப்பாய் விரித்தோம். சரிவான தளம், தண்ணீர் நிற்காது. மலையடிவாரத்தில் வயலைப் படிப்படியாக வெட்டியிருப்பார்களே, அதுபோல அங்கங்கே குறுக்கே மண் வரப்பு வைத்துச் சின்னச் சின்னப் பாத்தியாகக் கட்டினேன். செம்மண்ணும் மக்கின சாணமும் கலந்து மெல்லிசாகப் பரப்பினோம். குருசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிழக்கே பார்த்து நின்று, கும்பிட்டுவிட்டு விதையைத் தூவினான். மேலே வைக்கோல் மூடினோம். இன்ஜினியர் தம்பி சாயங்காலம் வந்து பார்த்துவிட்டு, "அக்கா, இதைவிட நல்லா ஈரம் காக்க எனக்கே தெரியாது" என்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

வாரம் முடிவதற்குள் வாசல் பச்சை கட்டியது. விடிந்தால் மயில் வந்துவிடும். நாகஜோதி தட்டும் கரண்டியுமாய் நிற்பாள். "அவியளக் கட்டுனதுலருந்து இம்புட்டு நாளு காவ காத்ததில்லக்கா" என்பாள்.

இனி லாரிக்கு வருகிறேன். வெளியூர் லாரி ஒன்று, நம் ஊர் லாரியைப் போல ஒன்றரை மடங்கு நீளம், ஒரு காலையில் வந்தது. அந்த டிரைவருக்கு நாற்றும் தெரியாது நம் கதையும் தெரியாது. வாசலைக் கண்டதும் ஒடித்துப் பின்னால் எடுத்தான். நாங்கள் குரல் கொடுப்பதற்குள் குடோன் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது.

"ஏலே! நிறுத்துலே! கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு? நாத்தங்காலுலே அது!"

குருசாமிதான், துண்டை வீசிக்கொண்டு ஓடி வருகிறான். வெளியூர்க்காரன் இறங்கிவந்தான்.

"வீட்டு வாசல்ல நாத்தங்காலா?"

"ஏன், ஒங்க ஊர்ல மொட்டமாடியில ஆடு கட்டலையா? அப்படித்தான்."

சண்டை வருமோ என்று நான் குடத்தைப் பார்த்தேன். அந்த வெளியூர்க்காரன் என்ன செய்தான் தெரியுமா? கிட்டே போய் நாற்றைப் பார்க்க வந்தவன், தளத்தோரம் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டான். வெறுங்காலோடு குனிந்து நாற்றின் நுனியை உள்ளங்கையால் தடவிப் பார்த்தான். "எங்கப்பாவும் இந்தப் பட்டத்துலதான் பாவுவாரு" என்றான். ஏறிப்போய் லாரியைப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனான்.

எனக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. கல்லை உருட்டுகிறான், முள்ளை ஒதுக்குகிறான், கயிற்றை அறுக்கிறான். நாற்றங்காலில் செருப்புக் காலையே வைக்கமாட்டான், அங்கே சக்கரத்தை எப்படி வைப்பான்?

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. எல்லா லாரியும் சந்து முழுக்கப் பின்னாலேயே போனால் நேரம் ஆகிறது, வரிசை நிற்கிறது. குடோன் முதலாளிக்குக் கோபம் வந்தது. குருசாமியைக் கூப்பிட்டு விட்டார். நானும் கூடவே போனேன்.

"யாரோ வீட்டு வாசல்ல உன் நாத்து. அதுக்கு என் லோடு நிக்கணுமா? நாளைக்கு அதை எடுக்கல, உன் வண்டி இந்தப் பக்கமே வர வேணாம்."

குருசாமியின் முகம் செத்துப்போயிற்று. நாற்றுக்கு இன்னும் பத்து நாளாவது வேண்டும். தளத்துக்கும் அப்படித்தான். அவன் வண்டியை விடுவானா, நாற்றை விடுவானா? நாற்றை எடுத்தான் என்றால் மறுநாள் காலையிலேயே தளம் போகும், தளம் போனால் பட்டாளத்துக்காரர் அங்கேயே கிடந்துகொள்வார்.

இங்கே நியாயம் பேசிப் பயனில்லை என்று எனக்குத் தெரிந்தது. நியாயம் பேசினால் அவர் முதலாளி, நான் மேஸ்திரி, அவரவர் இடத்தில் நின்றுகொள்வோம். நான் அவர் முற்றத்தைச் சுற்றிப் பார்த்தேன். கேட்டுக்கு உள்ளே நல்ல விசாலமான இடம். அதில் பாதியை அடைத்துக்கொண்டு பழைய மில் சாமான், துருப்பிடித்த உருளை, உடைந்த தகரம், மேலே கொடி படர்ந்து கிடந்தது.

"அய்யா, அந்தச் சாமானெல்லாம் வேணுமா ஒங்களுக்கு?"

"எங்கப்பா காலத்துச் சாமான். பின்பக்கம் ஷெட்டுல போடணும்னு சொல்லிட்டே இருக்கேன். எவன் தூக்குறான்?"

"நாங்க தூக்குதோம். நாளைக்குக் காலையில எங்க பிள்ளைகளக் கூட்டிட்டு வாரேன். இங்கன எடம் ஒழிஞ்சா ஒங்க லாரி ஒங்க கேட்டுக்குள்ளயே திரும்பிரும். மழைக்காலத்துல சந்துல மாட்டிக்கிட்டு நிக்க வேண்டாம். பஞ்சு நனையாது."

அவர் முற்றத்தை முதல் தடவையாகப் பார்ப்பவர்போல ஒரு பார்வை பார்த்தார். "உங்க பொம்பளைங்க தூக்கிருவாங்களா?"

"அய்யா, நாங்க தூக்காத கனமா?"

மறுநாள் பன்னிரண்டு மணிக்குள் முற்றம் துடைத்த மாதிரி ஆகிவிட்டது. உருளையை அடியில் குழாய் கொடுத்து உருட்டினோம், தகரத்தைத் தலையில் வைத்தோம். குருசாமியும் லோடுமேன்களும் கடைசியில் வெட்கப்பட்டுக்கொண்டு கைகொடுத்தார்கள். குருசாமி தன் லாரியை உள்ளே கொண்டுபோய் ஒரே ஒடிப்பில் திருப்பிக் காட்டினான். முதலாளி எல்லோருக்கும் வடையும் டீயும் வாங்கி வரச் சொன்னார். "இந்த இடம் இவ்வளவு பெருசா இருந்ததா?" என்று இரண்டு மூன்று தடவை கேட்டார். ஆமாம் அய்யா, நீங்கள்தான் பெருசாக்கினீர்கள் என்று நான் சொல்லிவிட்டு வந்தேன். அப்படிச் சொன்னதால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

நாற்று விரல் நீளம், சாண் நீளம் என்று ஏறியது. பட்டாளத்துக்காரர் வருவதற்கு முந்தின நாள் குருசாமி வீட்டாரோடு வந்து நாற்றைப் பாய்பாயாகச் சுருட்டி ஒரு சின்ன வண்டியில் ஏற்றினான். வேர் ஒன்றோடொன்று பின்னி, கோரைப்பாய் மாதிரியே சுருண்டு வந்தது. நாங்கள் வரப்பைத் தட்டி, தார்ப்பாயை இழுத்து, சாக்கை அள்ளி, தளத்தைக் கழுவிவிட்டோம். நான் முழங்காலிட்டு உட்கார்ந்து கீழேயிருந்து மேல்வரைக்கும் உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனேன். சுத்தியல் காம்பால் தட்டினேன். எல்லா இடத்திலும் ஒரே சத்தம், வெண்கலம் மாதிரி. மயிரிழை வெடிப்பு இல்லை. நாற்று நின்ற நாட்களிலேயே கேட் தூணையும் எழுப்பியிருந்தோம். இனி லாரி உள்ளே வர நினைத்தாலும் வர முடியாது, வர வேண்டிய தேவையும் இல்லை.

மறுநாள் காலையில் சந்து முனையில் வேன் வந்து நின்றது. நாற்காலியை இறக்கி அவரை உட்காரவைத்தார்கள். ஒல்லியான ஆள், தோளும் கையும் மட்டும் பாறை மாதிரி இருந்தது. சொந்தக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஆளுக்கொரு பக்கம் நாற்காலியைப் பிடிக்கப் போனார்கள்.

"கைய எடுங்க எல்லாரும்" என்றேன். என் குரல் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். எடுத்துவிட்டார்கள்.

அவர் தளத்தின் அடியில் வந்து நின்று மேலே பார்த்தார். பிறகு சக்கரத்தைத் தள்ளினார். ஒரு தள்ளு, கொஞ்சம் ஏற்றம். இன்னொரு தள்ளு, இன்னும் கொஞ்சம். துடைப்பக் கோட்டின்மேல் சக்கரம் உருளுகிற சரசரப்பு மட்டும் கேட்டது. பாதி ஏறினதும் நாற்காலி நின்றுவிட்டது. நாகஜோதி என் கையை இறுக்கிப் பிடித்தாள். முடியவில்லை போலிருக்கிறது என்று நான்கூட நினைத்துவிட்டேன்.

அவர் குனிந்து தளத்தின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தளத்துக்கும் பக்கத்து மண்ணுக்கும் நடுவே சிந்தின விதை ஒன்று முளைத்து, தனியாக ஒரு நாற்று நின்றது. நாங்கள் கழுவும்போது கண்ணில் படவில்லை.

"நாத்தா இது? வாசல்ல எப்படி?"

குருசாமி முன்னால் வந்தான். லாரியைக் குடோனில் விட்டுவிட்டுத்தான் வந்திருந்தான். "நம்ம நாத்துதான் அண்ணே. மத்ததெல்லாம் வயலுக்குப் போயிருச்சு. இது ஒங்களப் பாத்துட்டுப் போகலாம்னு நிக்கி."

அவர் சிரித்தார். சிரித்த வேகத்திலேயே இரண்டு கையாலும் ஓங்கித் தள்ளினார். நாற்காலி எங்கேயும் தட்டாமல் ஒரே ஓட்டமாக வாசலுக்கு ஏறியது. வாசல் நிலையைத் தாண்டி உள்ளே போய், நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றி எங்களைப் பார்த்துத் திருப்பினார். கீழே சந்தில் சொந்தபந்தம், என் கூட்டத்துப் பெண்கள், குருசாமி, குடோன் முதலாளிகூட, எல்லோரும் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறோம். நாகஜோதி அழுகிறாள்.

"ஏட்டி, வீட்டுக்கு வந்தவியள நிக்க வச்சிட்டு என்ன அழுதுட்டு இருக்க?" என்றார் பட்டாளத்துக்காரர். இரண்டு கையையும் கூப்பினார். "வாங்க. எல்லாரும் உள்ள வாங்க."

அந்த வீட்டுக்கு அவர்தான் எங்களை அழைத்தார். நாங்கள் அந்தத் தளத்தின்மேல் நடந்து ஏறிப்போனோம். குருசாமி செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டு வந்தான்.